உயரமா இருக்கா?

பெல்ட், பை தைக்கிறவர்கள் குடியிருக்கிற எங்கள் லேபர் கேம்ப்பில் அவருக்குப் பெயர் கேப் டாக்டர். வாசல் போர்டில் சொந்தப் பெயரும் அதற்குப் பின்னால் ஒரு வரிசை ஆங்கில எழுத்தும் இருந்தன. யாரும் அதைப் படித்ததில்லை. உடைந்த பல், வேர் சிகிச்சை முடிந்த பல், பாதி தேய்ந்துபோன பல், இவற்றின் மேல் தொப்பி போடுவது ஒன்றுதான் அவர் வேலை. பல் பிடுங்கணும் என்று போனால், "அதுக்கு வேற டாக்டர் இருக்கா, அங்க போங்கோ" என்று சீட்டு எழுதி அனுப்பிவிடுவார். பிடுங்கப் பயப்படுகிறார் என்றுதான் நாங்கள் ரொம்ப நாள் பேசிக்கொண்டிருந்தோம். கேப் வேலையைத் தனியாகப் படித்துப் பட்டம் வாங்கியவர் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது.

பக்கத்து ஏரியாவான மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். அங்கிருந்து இங்கே நடந்துதான் வருவார். மழைக்காலத்தில் காட்டன் புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, ஆண்கள் போடுகிற ரப்பர் செருப்போடு தண்ணீருக்குள் நடந்து வந்து கிளினிக் ஷட்டரைத் தட்டுவார். உள்ளே உதவிக்கு இருந்த மராத்திக்கார அம்மாளை ஊரே மாவுஷி, அதாவது சித்தி, என்று கூப்பிடும். டாக்டர் வருவதற்குள் மாவுஷி டீ போட்டு வைத்திருப்பாள். இரண்டு பேரும் குடித்து முடித்த பிறகுதான் முதல் ஆள் உள்ளே போக முடியும். அவசரம் என்று யாராவது சொன்னால், "அப்போ வேற ஒரு நாள் வாங்கோ" என்பார்.

ஆரம்பத்தில் எனக்கு அவர்மேல் கோபம்தான். முதலில் கேப் போட்டுக்கொண்டது நானல்ல, என் வீட்டுக்காரர். நாங்கள் பெல்ட் தைக்கிற கார்கானா, சின்னப் பட்டறைதான், வைத்திருக்கிறோம். மெழுகு போட்ட நூலைக் கத்தரிக்கோல் தேடாமல் பல்லால் கடித்து அறுப்பது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். அதில் அவருடைய பல் ஒன்று பிளந்துவிட்டது. லேபிலிருந்து கேப் வந்த அன்று டாக்டர் அதைப் பொருத்தி, நடுவில் மெல்லிய நீலத் தாள் ஒன்றை வைத்து, "கடிங்கோ" என்றார். கடித்ததும் கேப்பைக் கழற்றி, உயரமாக இடித்து நீலம் ஒட்டின இடத்தைச் சின்ன மிஷினால் தேய்த்தார். மறுபடி பொருத்தினார். "உயரமா இருக்கா?" என்றார்.

"சரியா இருக்கு டாக்டர்" என்றார் இவர்.

"கடிங்கோ. உயரமா இருக்கா?"

"சரியா இருக்கு டாக்டர்."

மூன்றாவது தடவையும் அதே பதில் வந்ததும் டாக்டர் முகக் கவசத்தைக் கீழே இறக்கினார். "சரியா இருக்குங்கறது பதில் இல்லை, மரியாதை. எனக்கு மரியாதை வேண்டாம். பல்லு உங்களோடது, எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் சொல்லணும்" என்றார்.

இவர் என் பக்கம் பார்த்தார். "அவாளைப் பாக்காதீங்கோ, அவா வாயிலயா கேப் இருக்கு?" என்று அதற்கும் ஒரு குட்டு விழுந்தது. கார்கானாவில் ஆர்டர் குவிந்து கிடக்கிறது, இந்தம்மா இப்படி உட்கார வைத்துக் கேள்வி கேட்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. கடைசியில் இவர் தயங்கித் தயங்கி, "லேசா ஒரு மணல் இருக்க மாதிரி இருக்கு டாக்டர், பரவாயில்ல" என்றார். டாக்டருக்கு முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. பிள்ளை பரீட்சையில் பாஸானதைக் கேட்டவர் மாதிரி இருந்தது. அந்த மணலைத் தேடித் தேடித் தேய்த்து எடுத்துவிட்டு, தற்காலிகமாக ஒட்டித்தான் அனுப்பினார். கொஞ்ச நாள் சாப்பிட்டுவிட்டு வந்து, எந்தச் சாப்பாட்டுக்கு எங்கே உறுத்தியது என்று சொன்னால்தான் நிரந்தரமாக ஒட்டுவாராம். நிரந்தரம் ஆனதற்கு அப்புறமும் ஒரு தடவை வந்து மென்று காட்ட வேண்டுமாம்.

அவர் எங்களோடு வருஷக்கணக்காகப் போட்ட சண்டை இந்த ஒரு வார்த்தைக்காகத்தான். "சரியா இருக்கு"ன்னு சொல்றவா எல்லாம் வீட்டுக்குப் போய் ஒரு பக்கமாவே சாப்பிடறா என்று மாவுஷியிடம் புலம்புவார். புலம்பலில் நியாயம் இருந்தது. நாங்கள் அப்படித்தான். முதலாளி கேட்டாலும் சரி, வீட்டுச் சொந்தக்காரன் கேட்டாலும் சரி, எல்லாம் சரியா இருக்கு. குழாயில் தண்ணீர் வராமல் தெருவே குடத்தோடு அலைகிற அன்றைக்கு ஊரிலிருந்து போன் வந்தாலும், நல்லா இருக்கோம் என்றுதான் சொல்லுவோம். குறை சொன்னால் அடுத்தவர் மனசு கஷ்டப்படும், இல்லையென்றால் நம்மைத் துரத்திவிடுவார்கள். இந்த இரண்டில் ஒன்று எப்போதும் எங்கள் நாக்கைப் பிடித்து வைத்திருக்கும். எங்களிடம் குறை கேட்டு வாங்குவதற்காகவே மாட்டுங்காவிலிருந்து ஒருத்தர் நடந்து வந்தது எங்களுக்குப் புதுசு.

அவருடைய இன்னொரு வழக்கம் தெருவுக்கே வேடிக்கை. கேப்புக்கு நிறம் பார்க்க ட்யூப் லைட்டை நம்ப மாட்டார். பேஷண்டின் கையைப் பிடித்து வெளியே ரோட்டுக்குக் கூட்டி வந்து, வெயிலில் நிறுத்தி, வரிசையாகப் போலிப் பற்கள் கோத்த அட்டையை வாயோரம் வைத்துப் பார்ப்பார். வாயைப் பிளந்துகொண்டு நடுரோட்டில் நிற்கிற ஆளைச் சுற்றி உடனே கூட்டம் கூடிவிடும். ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி, இரண்டாவது சரியான மேட்சிங் என்பார். பிளவுஸ் துணி வாங்கப் போகிற பெண்கள் அதெல்லாம் இல்லை, நாலாவதுதான் என்பார்கள். "நகருங்கோ, வெளிச்சத்தை மறைக்கறேள்" என்று எல்லோரையும் விரட்டிவிட்டு, அவர் ஒன்றை எடுப்பார். எடுத்தது அப்படியே பொருந்தும். பை தைக்கிற ஒரு பையன் கல்யாணத்துக்கு முன்னால் பளிச்சென்று வெள்ளையாக வேண்டும் என்று அடம்பிடித்தான். "ஒரு பல்லு மட்டும் பளபளன்னா பொண்ணு அதையேதான் பாத்துண்டிருப்பா. நான் கேப் போட்டது யாருக்கும் தெரியக் கூடாது" என்று அவன் டீக் கறைக்குத் தோதான பழுப்பில்தான் போட்டு அனுப்பினார். அவன் பெண்டாட்டிக்கு இன்றுவரை தெரியாது.

இந்த நிற விஷயத்தில்தான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. ஒரு நாள் காய் வாங்கிக்கொண்டு வருகிறேன், வழக்கம்போல ரோட்டில் கூட்டம். டாக்டர் யாரையும் விரட்டவில்லை. அட்டையைப் பிடித்தபடி, "நீங்க என்ன சொல்றேள், மூணாவதா நாலாவதா?" என்று ஆட்டோக்காரரைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆட்டோக்காரருக்கே தூக்கிவாரிப் போட்டது. அதற்கப்புறம் கவனித்தேன். எதிரே போய் நின்றாலும் வாயைத் திறந்து பேசினால்தான் என்னை அடையாளம் தெரிந்தது. கண்ணில் நடுவிலே மட்டும் மங்கிக்கொண்டே வருகிற நோய் அவருக்கு. ஓரத்தில் எல்லாம் தெரியும், நேரே பார்க்கிற இடம்தான் போகும். மெல்ல மெல்லப் போனதால் எவ்வளவு போயிருக்கிறது என்று அவருக்கே புரியவில்லை. விளக்கை மாற்றினார், கண்ணாடியை மாற்றினார், வேலையை மட்டும் விடவில்லை.

கேப்புகள் உயரமாக நிற்க ஆரம்பித்தன. நீலம் எங்கே ஒட்டியிருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை, ஆகவே உத்தேசமாகத் தேய்த்தார். பிறகு, "உயரமா இருக்கா?" என்று கேட்டார். எங்கள் ஜனங்கள், அத்தனை வருஷம் அவரிடம் திட்டு வாங்கிப் பதில் சொல்லப் பழகியிருந்த அதே ஜனங்கள், மறுபடியும் "சரியா இருக்கு டாக்டர்" என்று சொல்லத் தொடங்கினார்கள். இந்தத் தடவை பயத்தினால் இல்லை, பாவம் என்றுதான். சொல்லிவிட்டுத் தாடையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். மென்று காட்டக் கூப்பிட்டால், ஊருக்குப் போகிறோம், கல்யாணம் இருக்கிறது என்று ஆளுக்கு ஒரு சாக்கு.

என் வீட்டுக்காரருக்கு அந்தச் சமயத்தில் இரண்டாவது கேப் போட்டது. தாடை வலி பொறுக்காமல் மாஹிமில் ஒரு சின்ன வயசு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். யாருக்கும் தெரியக் கூடாது என்று பஸ் பிடித்து, வேண்டாத ஸ்டாப்பில் இறங்கிச் சுற்றி நடந்து போனோம். கதவைத் திறந்தால் எங்கள் லேன் முழுக்க அங்கே உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி புர்காவை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டாள். அவளை அவளுடைய செருப்பை வைத்தே எனக்குத் தெரியும். ஆட்டோக்காரர் சுவரில் இருந்த படத்தை உற்றுப் பார்த்தார். கொஞ்ச நேரம் யாரும் யாரையும் பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகுதான் எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள்.

"யாராச்சும் அந்தம்மாகிட்டச் சொல்லணும்" என்றார் ஆட்டோக்காரர்.

"சொன்னா அன்னைக்கே கடையச் சாத்திட்டுப் போயிரும். அந்தப் பாவம் நமக்கெதுக்கு?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"சொல்லாம இருந்தா? நம்ம ஆளுக சொல்ல மாட்டாக. வெளியாள் ஒருத்தன் வந்து சண்டை போட்டு, வாயிக்கு வந்தபடி பேசிட்டுப் போவான். அது நல்லாருக்குமா?" என்றார் ஆட்டோக்காரர்.

உடனே எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். என் வாய்க்கு எங்கள் ஏரியாவில் ஒரு பெயர் உண்டு. நல்ல பெயர் என்று சொல்ல மாட்டேன். எனக்கும் ஒரு பல் வேர் சிகிச்சை முடிந்து கேப்புக்குக் காத்திருந்தது. "சரி, நான் சொல்லுதேன்" என்று ஒத்துக்கொண்டேன்.

வாய் இருந்து என்ன செய்ய? நாற்காலியில் சாய்ந்ததும் வார்த்தை வரவில்லை. டாக்டர் கேப்பைப் பொருத்தி, நீலத் தாள் வைத்து, கடிக்கச் சொல்லி, "உயரமா இருக்கா?" என்றார். இருக்கு என்றேன். சந்தோஷப்பட்டார். "பாத்தியா மாவுஷி, இவா ஒருத்தர்தான் பதில் சொல்றா" என்று கேப்பைக் கழற்றி, கையில் பிடித்துக்கொண்டு தேய்த்தார். மறுபடி பொருத்தினார். மறுபடி உயரம். நான் எழுந்து உட்கார்ந்தேன். அவர் கேப்பை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய், தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பட்டாணி அளவுப் பொருளில் நீலப் புள்ளி ஒரு ஓரத்தில் பளிச்சென்று இருக்கிறது. மிஷின் முனை அடுத்த ஓரத்தில், வெள்ளையாக இருந்த நல்ல இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. மாவுஷி சட்டென்று திரும்பி, காலியாக இருந்த டிரேயைத் துடைக்கத் தொடங்கினாள்.

நான் டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"டாக்டர், நீலம் அந்தப் பக்கம் இருக்கு."

"எந்தப் பக்கம்?"

"உங்க கட்டைவிரல் பக்கம்."

அவர் கேப்பைத் திருப்பினார். பார்த்தார். விரல் நுனியால் தடவினார். மிஷினை அணைத்து அதன் இடத்தில் மாட்டினார். "மாவுஷி, இது எத்தனை நாளா?" என்று இந்தியில் கேட்டார். மாவுஷி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு நான்தான் சொன்னேன். மாஹிம் கதை முழுவதையும் சொன்னேன். வேடிக்கையாகச் சொன்னால் வலிக்காது என்று நினைத்து, பக்கத்து வீட்டுக்காரி முகத்தை மூடிக்கொண்டதைக்கூடச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"கண்ணு போறதுன்னு தெரியும். எல்லாரும் சரியா இருக்குன்னாளே. அதனாலதான் கண்ணு இல்லாமலே கை பழகிடுத்துன்னு நினைச்சேன்" என்றார். அப்புறம், "நான் நம்பிட்டேன்" என்றார்.

எங்கள் அன்பு அவரை என்ன செய்துவிட்டது என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் எனக்கு உறைத்தது. யாருடைய சொல்லையும் லேசில் நம்பாதவரை நாங்கள் எல்லோரும் சேர்ந்து நம்ப வைத்திருக்கிறோம்.

அன்றே மாஹிம் டாக்டருக்கு அவரே போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் இங்கே வந்து தேய்த்துக் கொடுப்பது என்று ஏற்பாடு. இனிமேல் தன் கையால் யாருக்கும் கேப் இல்லை என்று மாவுஷியிடம் சொல்லிவிட்டார். கண் மங்கின பிறகு போட்ட ஒவ்வொருவருக்கும் வாய்ஸ் மெசேஜ் போனது: "நான் தப்பாப் போட்டிருக்கேன். வந்து சரி பண்ணிண்டு போங்கோ." ஜனங்கள் கூச்சப்பட்டுக்கொண்டே வந்தார்கள். பையன் தேய்க்க, டாக்டர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்டார்.

மளிகைக் கடை அண்ணாச்சி மட்டும் வரவில்லை. "எனக்குச் சரியா இருக்கு" என்று பதில் அனுப்பிவிட்டார். அவர் மாஹிமுக்கும் போகாத ஆள். அந்தம்மா கைபட்ட பல்லில் இன்னொருத்தன் கை வைக்கக் கூடாது என்று எல்லோரிடமும் சண்டை போட்டவர். ஒரு சாயங்காலம் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "என்னை அவர் கடைக்குக் கூட்டிண்டு போங்கோ" என்றார். சந்துக்குள் சாக்கடைப் பலகைகள் ஆடும் என்பதால் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். எங்கள் சந்துக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

அண்ணாச்சி பதறிப்போய் ஸ்டூல் எடுத்துப் போட்டார். அவர் வீட்டம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு டீ போட ஓடினாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர். கல்லக்கூடக் கடிப்பேன். பாக்கீயளா?" என்று கண்ணாடி ஜாடியிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து, கேப் போட்ட பக்கமாகவே வைத்துக் கடுக்கடுக்கென்று மென்றார். முகத்தில் சிரிப்பு. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

டாக்டருக்கு அந்தச் சத்தம் மட்டும்தான் கிடைத்தது. முகத்தை அவர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்: "அவர் கண்ணு கலங்கறதா?"

அண்ணாச்சி என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார்.

"கலங்குது டாக்டர்" என்றேன்.

இதைச் சொல்வதற்கு டாக்டர் எங்கேயும் ஒத்திகை பார்த்திருக்க மாட்டார் என்று தோன்றுகிற குரலில், "என் கண்ணு சரியில்லை அண்ணாச்சி. உங்க பல்லு எனக்குத் தெரியலை. எங்க வலிக்கறதுன்னு நீங்கதான் சொல்லணும்" என்றார்.

அண்ணாச்சி மீதி முறுக்கைத் தராசுத் தட்டில் வைத்தார். டீயோடு வந்த வீட்டம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எனக்கும் சரியில்ல டாக்டர்" என்றார். "தீவாளியிலேர்ந்து வலிக்கி. இவகிட்டக்கூடச் சொல்லல."

பிறகு வாயைத் திறந்து, டாக்டரின் விரலைப் பிடித்து, அந்தப் பல்லின்மேல் வைத்தார்.